உழைப்பு உன்னுடையது, கேள்வியும் உன்னுடையது!

"ரெண்டே இடம்தான் பாக்கி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுங்க. பாஸ்போர்ட் காப்பியை வாட்ஸ்அப்பில் போடுங்க. அட்வான்ஸ் மட்டும் கட்டிட்டீங்கன்னா மீதியெல்லாம் நான் பார்த்துக்கிறேன்." இப்படி ஒரு குரல் காலையிலிருந்து உன்னை விடாமல் துரத்துகிறதா? நிமிர்ந்து உட்கார், தம்பி. தங்கச்சி, நீயும்தான். அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிடு.

நீ கையேந்தி நிற்கும் ஆள் இல்லை. உன் படிப்பையும் கைத்திறனையும் வாழ்நாளின் மிகத் தெம்பான ஆண்டுகளையும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப் போகிறாய். அதற்கு விலையாகத்தான் சம்பளம் வருகிறது. விசாரிக்கும் உரிமை உனக்கு உண்டு. யோசிக்க அவகாசம் கேட்கும் உரிமை உண்டு. பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகும் உரிமையும் உண்டு. இவற்றில் எதை ஒருவன் உன்னிடமிருந்து பறிக்கப் பார்த்தாலும் அவன் சொல்லும் வேலையைச் சந்தேகப்படு. அவன் கோட்டு போட்டிருக்கலாம், சென்னையின் நல்ல தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் வைத்திருக்கலாம், உன் சித்தப்பாவுக்குத் தெரிந்தவனாகவே இருக்கலாம். சந்தேகப்படு.

போலி ஏஜென்ட் உன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு வருவதில்லை. உனக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொண்டு வருகிறான். படிப்பு முடித்து இரண்டு வருஷ கேப், இன்னும் தேறாத ஓர் அரியர், இன்டர்வியூவில் தடுமாறும் ஆங்கிலம், கல்விக் கடனுக்காக வங்கியிலிருந்து வரும் போன், தங்கையின் கல்யாணப் பேச்சு, விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் "இன்னும் சும்மாதான் இருக்கியா?" என்று கேட்ட பெரியப்பா. பத்து நிமிடம் அன்பாகப் பேசினால் இதையெல்லாம் நீயே அவனிடம் சொல்லிவிடுவாய். 'நேர் வழியில் எனக்கெல்லாம் கிடைக்காது' என்று உனக்குள் ஒரு நினைப்பு ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறதே, அதற்குத்தான் அவன் தண்ணீர் ஊற்றுகிறான். அந்த நினைப்பு இல்லாத பிள்ளையிடம் அவன் வித்தை பலிக்காது. அதனால்தான் மோசடியைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேச வந்த நான் தன்மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நம் தாத்தாக்கள் மாட்டுச் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். தரகன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் "பொறுப்பா, அவசரம் உனக்குத்தானே" என்பார்கள். ஒரு ஜோடி மாட்டுக்கு அவ்வளவு விசாரணை நடந்தது. உன் வாழ்க்கையின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு போன் போட்டுக்கூட விசாரிக்க மாட்டாயா?

விடாமல் கூப்பிடுகிறான் என்பதாலேயே ஒருவன் போலி ஆகிவிட மாட்டான், இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கன்சல்டன்சிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் டார்கெட் உண்டு. அவர்கள் அனுப்பும் ஆள் வேலையில் சேர்ந்தால், வேலை கொடுக்கும் நிறுவனம் கன்சல்டன்சிக்குக் கட்டணம் தரும். ஓராண்டுச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வது வழக்கம். பல ஒப்பந்தங்களில் அது 8.33 சதவீதம், அதாவது உன் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம். நீ சேர்ந்த சில மாதங்களிலேயே விட்டுப் போனால் அந்தப் பணம் அவர்கள் கைக்கு வராமலும் போகலாம். அதனால்தான் கன்சல்டன்சியின் எச்.ஆர். பெண் ஒரே நாளில் நாலு முறை கூப்பிடுகிறாள், "கன்ஃபர்மா ஜாயின் பண்ணுவீங்களா?" என்று நச்சரிக்கிறாள். அவளும் மாதச் சம்பளத்துக்கு ஓடுகிறவள்தான், அவளிடம் மரியாதையாகப் பேசு. அவளுடைய அவசரம் உன் சம்மதத்தைக் கேட்பதோடு நின்றுவிடும். உன் பணத்தைக் கேட்கிற அவசரம் வேறு ஜாதி.

இதிலிருந்து ஒரு விஷயத்தை நெஞ்சில் எழுதிக்கொள். இந்தத் தொழிலில் பணம் நிறுவனத்திடமிருந்து ஆள் பிடித்துக் கொடுப்பவனுக்குப் போகும். உன்னிடம் வேலைக்கு விலை கேட்கிறான் என்றால், அவனுக்குப் பணம் கொடுக்க அந்தப் பக்கத்தில் நிறுவனமே இல்லை என்று அர்த்தம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பின்னணிச் சரிபார்ப்புச் செலவு, 'முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தந்துவிடுவோம்' என்ற அட்வான்ஸ் என்று அது எந்தப் பெயரில் வந்தாலும் கட்டாதே. வெளிநாட்டு வேலையில் மட்டும் சட்டம் ஒரு சிறு கட்டணத்தை அனுமதிக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நடந்த கதை ஒன்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் புது டெல்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நின்று, வந்து போகும் ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதம். டிக்கெட் பரிசோதகர், போக்குவரத்து உதவியாளர், எழுத்தர் வேலைகளுக்கு இதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அந்த வேலைக்காக ஆளுக்கு 2 லட்சம் ரூபாயிலிருந்து 24 லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம். அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. பயிற்சி ஆணை, அடையாள அட்டை, பயிற்சி முடித்த சான்றிதழ், நியமன ஆணை எல்லாம் கைக்கு வந்தன. அத்தனை காகிதமும் போலி.

அவர்களில் பெரும்பாலோர் பொறியியலும் தொழில்நுட்பமும் படித்த இளைஞர்கள். அறிவில் என்ன குறை? ரயில் பெட்டியை எண்ணுவதற்கு ஒரு மாதப் பயிற்சி எதற்கு என்ற கேள்வி அந்த நடைமேடையில் ஒருவர் மனதிலாவது எழாமலா இருந்திருக்கும்? எழுந்திருக்கும். ஆனால் பணம் கைமாறிய நிமிடத்திலிருந்து மனம் கட்சி மாறிவிடுகிறது. ஏமாற்றியவனை நம்புவதுதான் கொடுத்த பணத்தைக் காப்பாற்ற ஒரே வழி என்று அது உன்னிடமே வாதாடும். சந்தேகம் வரும்போதெல்லாம் சந்தேகத்தை அடக்கும். அடுத்த தவணை கேட்டால், 'இதைக் கொடுக்காவிட்டால் முன்னால் கொடுத்ததும் போய்விடுமே' என்று அதையும் எடுத்துக் கொடுக்கச் சொல்லும். அதனால் சந்தேகத்துக்கு உரிய காலம் பணம் கொடுப்பதற்கு முந்தைய காலம். அப்போது உன் மூளை உன் பக்கம் இருக்கிறது. அப்போதே அதை வேலை செய்யவிடு.

அரசு வேலை என்று எவன் வந்தாலும் இன்னும் சுருக்கமாக முடித்துவிடலாம். ரயில்வே என்றால் ரயில்வே தேர்வு வாரியத்தின் அறிவிப்பு, மாநில அரசு என்றால் தேர்வாணையத்தின் அறிவிப்பு, அப்புறம் தேர்வு, அப்புறம் பட்டியல். விண்ணப்பக் கட்டணத்தைத் தவிர அங்கே வேறு பணம் கிடையாது. இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலாகத் தேர்வாணையம் அமைந்தது நம் மதராஸில்தான், 1929-இல். தேர்வு எழுதி உள்ளே போகும் வழியை இந்த நாட்டுக்கு முன்னதாகவே காட்டிய மண்ணின் பிள்ளை, 'அமைச்சர் கோட்டா', 'மேலிடத்து ஆள்' என்று ஒருவன் சொன்னதும் நகையை அடகு வைக்கப் போவதா? அப்படி ஒரு குறுக்கு வழி நிஜமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள். அது ராத்திரியெல்லாம் விழித்துப் படித்த இன்னொரு பிள்ளையின் இடத்தைத் திருடும் வழி. உன் உழைப்பின் மேல் உனக்கு நம்பிக்கை இருந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய்.

வெளிநாட்டு வேலைக்கு வருவோம். இங்கேதான் நம் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன, ஆனால் இங்கேதான் உன் கையில் சட்டமும் பலமாக இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்தியாவிலிருந்து ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு எடுக்கும் ஏஜென்ட், வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் உள்ள தலைமைக் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் ரகசியம் இல்லை. இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர், முகவரி, உரிம எண், உரிமம் நடப்பில் இருக்கிறதா இல்லையா, எல்லாம் அங்கே இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஆள் பிடித்ததாகப் புகாருக்கு ஆளானவர்களின் பட்டியலையும் அங்கேயே போடுகிறார்கள். பெயரை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதே. நல்ல பெயருள்ள நிறுவனத்தின் உரிம எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. தளத்தில் உள்ள முகவரிக்கே நேரில் போ, அங்கே உன் ஏஜென்ட்டின் பெயரைச் சொல்லி, "இவர் உங்கள் ஆள்தானா?" என்று கேள். 'நான் அவங்களோட சப்-ஏஜென்ட்' என்று சொல்லித்தான் ஊர் ஊராக ஆள் பிடிக்கிறார்கள். அப்படி ஓர் ஆளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

பதிவு பெற்ற ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது: 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்கு. இப்போது உன் ஊரில் கேட்டுப் பார். சிங்கப்பூருக்கு மூன்று லட்சம், ஐரோப்பாவுக்கு ஆறு லட்சம் என்று டீக்கடையிலேயே விலை சொல்வார்கள். எல்லாரும் கொடுக்கிறார்களே என்று நீயும் கொடுத்தால், வரம்புக்கு மேல் கொடுத்த பணத்துக்கு எந்த ரசீதும் இருக்காது, எந்தக் காகிதமும் பேசாது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதை ஒரு தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது உனக்காகப் போட்ட வேலி. உன் ஒப்பந்தத்தில் சம்பளம் என்ன, யார் முதலாளி என்று உனக்குப் பதிலாக இன்னொருவர் படித்துப் பார்க்கும் இடம் அது. அந்த அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் உண்டு. 10 லட்சம் ரூபாய் பாதுகாப்பு, இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375, வரி தனி. ஏஜென்ட் உன்னை டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிட்டு, "அங்கே போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று சொன்னால், இந்த வேலியை எல்லாம் அவன் பிடுங்கிப் போட்டுவிட்டான் என்று புரிந்துகொள். டூரிஸ்ட் விசாவோடு விமானம் ஏறாதே. டிக்கெட் வந்துவிட்டது, கார் வாசலில் நிற்கிறது, சொந்தக்காரர்கள் வழியனுப்ப வந்துவிட்டார்கள் என்றாலும் ஏறாதே. அன்றைக்கு நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஏறியவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியுமா? 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்டு மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று சொல்லி, கணினி படித்த பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள், ஏமாறாதீர்கள் என்றது. பாங்காக்கில் இறங்கியவர்களை எல்லைக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடக்க வைத்து, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் ஆயுதக் காவல் போட்ட வளாகங்களுக்குள் அடைத்தார்கள். பாஸ்போர்ட் பறிபோனது. போலிக் காதல், போலி கிரிப்டோ முதலீடு என்று உலகத்தில் உள்ள மற்றவர்களை ஏமாற்றுவதே அங்கே வேலை. மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி. அந்த ஆண்டு அக்டோபரில் முதல் குழுவாக 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில் 549 இந்தியர்களை அந்த எல்லையிலிருந்து ஏற்றி வந்தன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது.

ரஷ்யாவுக்கு உதவியாளர் வேலை, படிப்பு என்று கூட்டிப்போய் இந்திய இளைஞர்களைப் போர்முனையில் நிறுத்திய கும்பல் தொடர்பாக 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை சோதனை நடத்தியதே, அந்தச் சோதனை நடந்த ஊர்களில் சென்னையும் மதுரையும் இருந்தன. எங்கோ நடக்கும் விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கக் கங்காணி நம் கிராமங்களுக்கு வந்தான். அவனும் சொந்த ஊர்க்காரன்தான், நம் மொழி பேசியவன்தான். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்தான், முன்பணம் கொடுத்தான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்துப் போனதாக மலையக மக்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்தபோது அந்த முன்பணமும் வழிச்செலவும் கடனாக ஏறி நின்றன. அந்தக் கடனை எழுதிய 'துண்டு' ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவர்களோடேயே கைமாறியது. 1921-இல்தான் இலங்கையில் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. இன்று இருக்கும் 1983 சட்டம் அதன் இடத்தில் வந்தது. உன் கைபேசியில் இரண்டு நிமிடத்தில் பார்க்க முடிகிற அந்தப் பதிவுப் பட்டியலுக்குப் பின்னால், கேள்வி கேட்க வழியில்லாமல் கப்பலேறிய தலைமுறைகள் நிற்கின்றன. அவர்களுக்கு எழுத்து தெரியாது, சட்டம் துணைக்கு இல்லை. உனக்கு இரண்டும் இருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டால் அது அவர்களுக்கும் செய்கிற அவமரியாதை.

உள்ளூர் ஐ.டி. வேலைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆஃபர் லெட்டர் வந்த மெயிலில் அட் குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்தெழுத்தாகப் படி. இலவச மெயில் முகவரியிலிருந்து எந்தப் பெரிய நிறுவனமும் வேலை ஆணை அனுப்பாது. நிறுவனத்தின் பெயரோடு ஒரு கோடும் 'கேரியர்ஸ்', 'ஜாப்ஸ்' என்ற சொல்லும் ஒட்டியிருந்தால், அது நேற்று யாரோ காசு கொடுத்து வாங்கிய முகவரியாக இருக்கலாம். கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து சரிபார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, அதை எடுப்பவன் அவனே. நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கு நீயே போய், அங்கே இருக்கும் எண்ணில் கூப்பிட்டு, இந்த வேலை இருக்கிறதா, இந்தக் கடிதம் உங்களுடையதா என்று கேள். கேள்விப்படாத நிறுவனமா? இந்தியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடினால் எந்த ஆண்டு தொடங்கியது, முகவரி எது என்று தெரிந்துவிடும். நேர்காணலே இல்லாமல், அல்லது வெறும் சாட்டிங்கில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, ஆறு லட்சம் ஆண்டுச் சம்பளம் தருகிறேன் என்கிறவன் உன் திறமையை மதிக்கவில்லை. உன் திறமை என்ன என்று அவன் கேட்கவே இல்லையே!

'பேக் டோர்' என்று ஒன்று சொல்வார்கள். ஒன்றரை லட்சம் கொடுத்தால் பெரிய ஐ.டி. கம்பெனியில் உள்ளே தள்ளிவிடுவோம், போலி அனுபவச் சான்றிதழும் நாங்களே தருவோம் என்பார்கள். அதில் ஏமாறாமல் வேலையே கிடைத்தாலும், பின்னணிச் சரிபார்ப்பில் ஒருநாள் பிடிபட்டுத் தலை குனிந்து வெளியே வர வேண்டும். ஃப்ரெஷர் என்று நிமிர்ந்து சொல்லிக்கொண்டு குறைந்த சம்பளத்தில் முன்வாசல் வழியாகப் போ.

வீடியோவுக்கு லைக் போட்டால் ஐம்பது ரூபாய் என்று டெலிகிராமில் வருகிற பகுதிநேர வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. முதலில் இருநூறு முந்நூறு தருவான், பிறகு 'பிரீபெய்டு டாஸ்க்' என்று உன்னைக் கட்டச் சொல்வான், கட்டியது திரும்பாது. இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. இன்னும் புதிதாக முளைக்கும். பிளாக் செய்துவிட்டு வேறு வேலையைப் பார்.

சரி, அந்தக் குரலோடு எப்படிப் பேசுவது? கத்தாதே, கெஞ்சாதே, நிதானமாகப் பேசு. "எந்தக் கம்பெனிக்காக ஆள் எடுக்கறீங்க? வேலை விவரத்தையும் சம்பளத்தையும் கம்பெனி மெயில்லேர்ந்து எழுத்துல அனுப்புங்க. படிச்சுப் பார்த்துட்டு ரெண்டு நாள்ல சொல்றேன்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு அமைதியாக இரு. நேர்மையான ஆள் அனுப்புவார், முணுமுணுத்துக்கொண்டாவது அனுப்புவார். அவர் உண்மையானவர் என்று தெரிந்த பிறகும் கேள்விகளை நிறுத்தாதே. பாண்ட் உண்டா, எத்தனை மாதம் என்று கேள். நான் யாருடைய பேரோலில் இருப்பேன் என்று கேள். ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் காட்டிச் சரிபார்த்துவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்.

போலியானவன் இரண்டு நாள் என்ற சொல்லைக் கேட்டதும் மாறுவான். முதலில் பயமுறுத்துவான், "இடம் போயிடும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்பான். பிறகு பாசம் காட்டுவான், "உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசி வெச்சிருக்கேன், என் பேரைக் கெடுத்துடாதீங்க" என்பான். கடைசியில் குத்துவான், "இப்படி யோசிச்சுக்கிட்டே இருந்தா நீங்க வாழ்க்கையில உருப்பட மாட்டீங்க" என்பான். அந்த மூன்றாவது வார்த்தை வரும்போது உனக்கு வலிக்கும். வலிக்கட்டும், போனை வை. உன் தகுதிக்கு அவன் நீதிபதி இல்லை. இரண்டு நாள் விசாரணையைத் தாங்காத வேலை இரண்டு வருஷம் உன் குடும்பத்தைத் தாங்காது. அதை இழந்ததற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட்டுவிடாதே.

பெற்றோரே, உங்களிடமும் உரிமையோடு பேசுகிறேன். தோட்டை அடகு வைக்கவும் நிலத்தை எழுதிக் கொடுக்கவும் நீங்கள் தயாராக இருப்பது பாசம்தான். அந்தப் பாசத்தில் ஒரு பங்கை, வேலை தேடும் பிள்ளையின் காதில் விழும் பேச்சை மாற்றுவதற்குச் செலவிடுங்கள். 'பக்கத்து வீட்டுப் பையன் துபாய் போயிட்டான்' என்று தினமும் கேட்கிற பிள்ளை, முதலில் வருகிற ஏஜென்ட்டிடம் எதையும் விசாரிக்காமல் தலையாட்டும். ஆறு மாதம் வீட்டில் சோறு போட்டால் ஆகும் செலவு, ஏஜென்ட் கேட்கும் லட்சங்களில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால், தமிழ்நாடு அரசே 1978 முதல் நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்துவிட்ட தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு வார்த்தை. வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று நீ அறைக்குள் முடங்கிக் கிடக்கிறாய். மானம் போக வேண்டியது திருடியவனுக்கு. அந்த ரயில்வே மோசடி எப்படி வெளியே வந்தது தெரியுமா? நல்லெண்ணத்தில் அந்த இளைஞர்களை அந்தக் கும்பலிடம் அறிமுகம் செய்துவைத்து, தானும் ஏமாந்துபோன விருதுநகர் மாவட்டத்து முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர், டெல்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். அந்த வயதில் அவருக்கு இருந்த துணிவு உனக்கு இருக்காதா?

பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடு. மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும், சீக்கிரம் சொன்னால் வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. உன் வங்கிக்கும் எழுத்தில் சொல். நேரில் கொடுத்த பணமென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போ. மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு இருக்கிறது, உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் பிடித்தவன் மேல் குடிபெயர்வுச் சட்டமும் பாயும். 'பாதிப் பணத்தைத் தந்துவிடுகிறேன், போலீஸுக்குப் போகாதே' என்று அவன் சொல்லும் வாய்தாக்களை நம்பி மாதங்களைக் கரைக்காதே. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதே. பணம் போன தேதி, தொகை, பரிவர்த்தனை எண், அவன் கொடுத்த வங்கிக் கணக்கு, ஆஃபர் லெட்டர், விசா நகல், அவன் ஆபீஸின் போட்டோ இருந்தால் அதையும் சேர்த்து இரண்டு பிரதி எடு. உன்னோடு பணம் கட்டிய மற்றவர்களைக் கூப்பிடு. எல்லாரும் சேர்ந்து, நாளைக் காலையிலேயே போய்ப் புகார் கொடுங்கள்.